பக்கத்து வீட்டாரோடு தகராறு உண்டா?

வட இங்கிலாந்தில் ராவன்ஸ்லா என்ற சிற்றூரின் ஆறாம் வரிசையில் பதினான்காம் எண் வீட்டுக்கு விலை பேசி முடித்த நாளிலிருந்து பெவர்லிக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்து பேருந்தில் திரும்பும்போது, தன் நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிவிடுவாள். அங்கிருந்து நடந்தால் அந்த வீட்டின் பின்சந்து வழியாகப் போகலாம். கரி படிந்த செங்கல் சுவர், பச்சை வண்ணம் அடித்த பின்கதவு, துணிக்கொடி கட்டும் இரும்புக் கொக்கி எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். இருந்தன. வீடு எங்கே ஓடிப்போகும்? ஆனால் ஐம்பத்திரண்டு வயதுக்குள் பதினோரு வாடகை வீடு மாறியவளுக்கு, வீடுகள் ஓடிப்போகும் என்பதுதான் அனுபவம்.

பெவர்லி தெற்கே கென்ட் கடற்கரைக்காரி. அங்கே அவள் சம்பளத்துக்கு ஒரு கார் கொட்டகைகூட வாங்க முடியாது. டர்ஹம் பக்கத்துச் சுரங்க ஊர்களில் வீடு மலிவு என்று கேள்விப்பட்டு, இரண்டு வருடத்துக்கு முன் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினாள். மலிவுக்குக் காரணம் இருந்தது. சுரங்கத்தை மூடிய பிறகு ராவன்ஸ்லாவில் மிஞ்சியவை மெதடிஸ்ட் ஆலயம், தொழிலாளர் கிளப், ஒரு மீன் வறுவல் கடை, ஒரு பேருந்து. ஒவ்வொரு வரிசையிலும் நாலைந்து வீடுகளின் ஜன்னலில் பலகை அடித்திருந்தது. ஆனாலும் முதல் வாரமே பேருந்து ஓட்டுநர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாம் வாரம் அவளுக்குச் சளி பிடித்தது. யார் வைத்தார்கள் என்றே தெரியாமல் கதவடியில் ஒரு ஜாடி தேன் இருந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு வேறெங்கும் போகத் தோன்றவில்லை.

மீன் கடைக்கு மேலே ஓர் அறையில் தங்கியிருந்தாள். இப்போது கடையை விற்றுவிட்டார்கள். அக்டோபர் முடிவதற்குள் அறையைக் காலி செய்தாக வேண்டும். ஆகவே பன்னிரண்டாவது வீடு தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று வங்கியில் கடன் கேட்டாள். ஆண்டவர் கிருபை, வங்கியும் சரி என்றது.

முதன்முதலில் வீடு பார்க்க வந்த அன்று அவள் முன்கதவைத் தட்டினாள். யாரும் திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். பக்கத்துப் பதினைந்தாம் எண் வீட்டின் மாடி ஜன்னல் திறந்தது. ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது.

"யாரும்மா அது? யார் செத்துட்டாங்க?"

"யாரும் சாகலைங்க. வீடு பாக்க வந்தேன்."

"அப்போ சுத்திக்கிட்டுப் பின்னால வா. இந்த வரிசையில முன்கதவு கல்யாணப் பொண்ணுக்கும் சவப்பெட்டிக்கும்தான். நீ ரெண்டும் இல்லையே?"

அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் வில்ஃப் டன்ஸ்டால். பின்பக்கம் போனால் கதவு திறந்தே கிடந்தது. வீட்டுக்காரர் நார்மன் ஹ்யூவிட்சன் அடுப்பில் கெண்டியை வைத்துவிட்டுக் காத்திருந்தார். எழுபத்து மூன்று வயது. மனைவி ஜீன் இறந்து நாலு வருடம் ஆகிறது. கார்லைலில் இருக்கும் மகள் வீட்டோடு போய்த் தங்குவதற்காக விற்கிறார். பெவர்லி தேநீர் குடித்து முடிப்பதற்குள் இருவருக்கும் விலை படிந்துவிட்டது.

ஆனால் இங்கே வாய்ப்பேச்சு முடிந்தால் வீடு முடிந்ததாகாது. இரண்டு பக்கத்து வக்கீல்களும் கையெழுத்தான ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்ளும் நிமிடம் வரை விற்பவரும் பின்வாங்கலாம், வாங்குபவரும் பின்வாங்கலாம். ஏன் என்று கேட்க முடியாது. அதற்குள் லண்டன் கம்பெனி ஒன்று நாலாயிரம் பவுண்டு கூடுதலாகத் தருகிறேன் என்று நார்மனைக் கூப்பிட்டது. "அவங்க ஜன்னலுக்குப் பலகை அடிச்சுட்டுப் போயிடுவாங்க, கண்ணு. எனக்கு இந்த ஜன்னல்ல விளக்கு எரியணும்" என்று பெவர்லியிடம் சொல்லிக்கொண்டே போனை வைத்துவிட்டார். அந்த மாதிரி மனிதர்.

ஜூன் மாதம் ஒரு மாலை, விற்பவர் நிரப்ப வேண்டிய படிவத்தை நிரப்ப பெவர்லி அவருக்கு உதவி செய்தாள். அவருக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது. ஆறாவது கேள்வியில் நிறுத்தினார்.

"இதென்ன கேக்குறான்? பக்கத்து வீட்டாரோடு தகராறு உண்டா?"

"எல்லாரும் சொல்லியாகணும். மறைச்சா பின்னால கோர்ட்டுக்கு இழுப்பாங்க."

"நானும் வில்ஃபும் பத்தொன்பது வருஷம் ஒரு வார்த்த பேசிக்கல. அத எழுதணுமா?"

பெவர்லி பேனாவைக் கீழே வைத்தாள். நார்மன் சொன்னார். முப்பது வருடத்துக்கு முன் நடந்த பெரிய வேலைநிறுத்தம். ஊரே ஒரு வருடம் சுரங்கத்தில் இறங்கவில்லை. பதினோராம் மாதம் வில்ஃப் மட்டும் இறங்கினான். கைக்குழந்தைக்கு நெஞ்சில் சளி, வெளியே பனி, நிலக்கரி வெட்டுகிறவன் வீட்டில் கணப்பில் போடக் கரி இல்லை. யாரும் அதையெல்லாம் கேட்கவில்லை. கருங்காலி என்று அவன் சுவரில் எழுதினார்கள். கிளப்பில் அவன் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். எழுதியவர்களில் நார்மனும் ஒருவர்.

"அப்புறம் எப்படிப் பேச ஆரம்பிச்சீங்க?"

"எனக்கு நெஞ்சுவலி வந்து ஆகஸ்ட் மாசம் மூணு வாரம் ஆஸ்பத்திரியில கிடந்தேன். வெயில்னா அப்படி வெயில். என் லீக்ஸ் எல்லாம் செத்திருக்கும்னு நெனச்சுத் திரும்பி வந்தா, ஒவ்வொண்ணும் கொழுகொழுன்னு நிக்குது. தெனமும் சாயங்காலம் சுவத்துக்கு மேல ஒரு குழாய் நீட்டிக்கிட்டு வந்து தண்ணி ஊத்திச்சுன்னு ஜீன் சொன்னா. நான் சுவத்துகிட்ட போய், 'தண்ணி ஜாஸ்தியா ஊத்திட்டடா'ன்னேன். 'அடுத்த தடவ நீயே ஊத்திக்கோ'ன்னான். அவ்வளவுதான்."

"அப்போ இப்போ தகராறு இல்ல."

"வருஷா வருஷம் லீக்ஸ் போட்டியில என்ன மண்ணக் கவ்வ வைக்கிறான். அதுக்குக் கட்டம் ஏதும் இருக்கா அதுல?" சிரித்துக்கொண்டே 'இல்லை' என்ற கட்டத்தில் பெரிதாகக் குறி போட்டார்.

வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணன் மாதிரியான இந்த லீக்ஸைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. சமையலுக்குக் கடையில் விற்கும் மெலிந்த லீக்ஸ் அல்ல இது. இந்த ஊர் ஆண்கள் போட்டிக்கென்றே வளர்ப்பது. குட்டையாக, முன்கை கனத்துக்கு, பால் வெள்ளையாகப் பருத்து நிற்கும். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை கிளப் மண்டபத்தில் ஆளுக்கு மூன்று லீக்ஸ் கழுவித் துடைத்து வைப்பார்கள். நடுவர் நூல் பிடித்து அளப்பார். எருவில் என்ன கலக்கிறோம் என்பதைக் கட்டிய மனைவிக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். முற்காலத்தில் போட்டிக்கு முந்தின வாரம் கத்தியோடு சுவரேறிக் குதித்து எதிராளியின் லீக்ஸை வெட்டிப்போட்டவர்களும் உண்டு. ஒருவனைக் கருங்காலி என்பதற்கு அடுத்தபடியாக இந்த ஊரில் பெரிய பழி அதுதான்.

கென்ட்டிலிருந்து வந்த பெவர்லிக்கு இது எதுவும் தெரியாது. யாரும் சொல்லவுமில்லை. தெரியாதவர்கள் இருப்பார்கள் என்றே இவர்களுக்குத் தோன்றாது.

செப்டம்பரில், ஒப்பந்தம் மாற்றிக்கொள்ளும் நாள் வெள்ளிக்கிழமை நண்பகல் என்று குறித்தார்கள். போட்டி மறுநாள் சனிக்கிழமை. அந்த வாரம் திங்கட்கிழமை, மகள் வீட்டில் தன் அறையைப் பார்க்க நார்மன் கார்லைல் கிளம்பினார். பெவர்லியிடம் சாவியைக் கொடுத்தார்.

"திரைச்சீலைக்கு அளவு எடுத்துக்கோ. சாயங்காலம் தோட்டத்துக்குக் கொஞ்சம் தண்ணி. உனக்கு வேணுங்கற காய் பறிச்சுக்கோ, கண்ணு. உன் தோட்டந்தானே இனி."

மெதடிஸ்ட் ஆலயத்தில் வியாழக்கிழமை தோறும் தனியாக வாழ்கிறவர்களுக்கு மதிய உணவு போடுவார்கள். அன்று பெவர்லிக்கு விடுமுறை. சமையல் அவள் பொறுப்பு. புதன் மாலை தண்ணீர் ஊற்றப் போனவள், என்ன செய்யலாம் என்று தோட்டத்தைப் பார்த்தாள். சுவரோரம் சாதாரண லீக்ஸ் ஒரு வரிசை நின்றது. நடுவில் வலைக்குக் கீழே, தனிப் பாத்தியில் ஐந்து. அவற்றில் மூன்று அவள் பிறந்ததிலிருந்து பார்த்திராத பருமன். சுவரோரத்து வரிசையில்தான் முதலில் கை வைத்தாள். பிறகு நின்றாள். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது: ஆண்டவர் பந்திக்குக் கொடுப்பதென்றால் இருப்பதில் நல்லதைக் கொடு. வலையைத் தூக்கினாள். மூன்றையும் பிடுங்கினாள்.

சூப் பிரமாதமாக வந்தது. உருளைக்கிழங்கு, கொஞ்சம் வெண்ணெய், ஒரு பிடி பார்லி. இருபத்தேழு பேர் சாப்பிட்டார்கள். வில்ஃப் டன்ஸ்டால் இரண்டு கிண்ணம் வாங்கி, மூன்றாவதுக்குப் பானையை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா போட்ட இதுல? நாக்குல வெண்ணெய் மாதிரி கரையுது."

"அன்பப் போட்டேன்" என்றாள் பெவர்லி. மேசையே சிரித்தது.

மாலை நாலரைக்கு ஆலயத்துச் சமையலறையில் அவள் பானை தேய்த்துக்கொண்டிருந்தபோது மேவிஸ் ஓடி வந்தாள். மேவிஸ்தான் உணவுப் பந்தியை நடத்துகிறவள். பெவர்லிக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் சிநேகிதி. தேன் ஜாடி அவள் வைத்ததுதான் என்று பெவர்லிக்குச் சந்தேகம்.

"ஏண்டி, விஷயம் கேள்விப்பட்டியா? நார்மன் ரெண்டு மணிக்குத் திரும்பி வந்தாராம். அவரோட போட்டி லீக்ஸ் மூணையும் காணோம்! வலையத் தூக்கி எறிஞ்சிருக்காம். அந்த மனுஷன் நேரா கிளப்புக்குப் போயி, அத்தன பேர் முன்னாலயும் வில்ஃப நிக்க வெச்சு, 'நீதாண்டா. கருங்காலி கடைசி வரைக்கும் கருங்காலிதான்'னுட்டார். வில்ஃப் ஒரு வார்த்த பேசல. கிளாஸ வெச்சுட்டு எழுந்து போயிட்டார். பெஞ்சுல இருந்த எல்லாரும் தள்ளி உக்காந்தாங்களாம், பழைய காலத்துல மாதிரியே."

பெவர்லியின் கையிலிருந்த கரண்டி தொட்டிக்குள் விழுந்தது.

"மேவிஸ். அது நான்."

"எது நீ?"

"லீக்ஸ். சூப்புல போட்டேன்."

மேவிஸ் பானையைப் பார்த்தாள். பெவர்லியைப் பார்த்தாள். மறுபடி பானையைப் பார்த்தாள். "ஐயோ ஆண்டவரே" என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நானும் ரெண்டு கிண்ணம் சாப்பிட்டேனே. ஊரே சாப்பிட்டிருக்கு."

"காய் பறிச்சுக்கோன்னார் மேவிஸ்..."

"அத இல்லடி! வலைக்குக் கீழ இருக்கறத யாராவது தொடுவாங்களா? அவர் முப்பது வருஷமா போட்டிக்கு வைக்கிறார், ஒரு தடவகூட முதல் பரிசு வாங்கினதில்ல. இந்த வருஷம் நூல் போட்டு அளந்து பாத்துட்டு, 'இந்த தடவ வில்ஃப் செத்தான்'னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார். ஊர விட்டுப் போறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவ ஜெயிக்கணும்னு."

பெவர்லி ஏப்ரனை அவிழ்த்தாள். மேவிஸ் அவள் கையைப் பிடித்தாள்.

"எங்க கிளம்பிட்ட? உக்காரு. நாளைக்கு மத்தியானம்தானே உன் ஒப்பந்தம்? இன்னும் இருபது மணி நேரம். அந்த லண்டன்காரன் நாலாயிரம் ஜாஸ்தி தர்றேன்னு நிக்கிறான். இப்போ போய்ச் சொன்னா, கோவத்துல வீட்ட அவனுக்குக் கொடுத்துடுவார். நீ நாளைக்கு பன்னெண்டு மணி வரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு. பன்னெண்டே காலுக்குப் போய்க் கால்ல விழு. உண்மையத்தான் சொல்லப்போற, கொஞ்சம் லேட்டா சொல்ற. அதுல என்ன பாவம்?"

மேவிஸ் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சிநேகிதி தெருவில் நிற்கக் கூடாதே என்ற கவலையில் சொன்னாள். அதனால்தான் அந்தப் பேச்சுக்கு அவ்வளவு பலம் இருந்தது. இருபது மணி நேரம்தானே? பெவர்லி யோசித்தபடியே வீட்டுக்கு நடந்தாள். கால்கள் பழக்கத்தால் ஆறாம் வரிசையின் பின்சந்துக்குள் திரும்பின.

பதினைந்தாம் எண் வீட்டின் கதவு திறந்திருந்தது. வில்ஃப் தோட்டத்தில் கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் பாத்தியின் மேலிருந்த வலையைக் கழற்றி, மெதுவாகச் சுருட்டி, நூலால் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன வில்ஃப், போட்டிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கே?"

"நான் வைக்கலம்மா இந்த வருஷம்."

"ஏன்?"

"நான் ஜெயிச்சா என்ன சொல்லுவாங்க?" அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பதினோரு வருஷமாத்தான் அந்தக் கிளப்புல எனக்குப் பக்கத்துல ஆள் உக்காருது. இனிமே வீட்லயே டீ குடிச்சுக்கறேன். சூப் நல்லா இருந்துச்சும்மா. நெஜமாவே."

ஒரு மனிதன் ஒரு பொய்ப் பழியோடு தூங்கப்போகும் இரவு எவ்வளவு நீளம் என்று பெவர்லி அந்தக் கட்டிய வலையைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். இருபது மணி நேரம் அவளுக்குத்தான் சின்னது. மனதுக்குள் ஒரு வரி ஜெபம் சொன்னாள்: 'எனக்குத் தைரியம் கொடும். வீட்டை நீர் பார்த்துக்கொள்ளும்.' பிறகு பதினான்காம் எண்ணின் பின்கதவைத் தட்டினாள்.

நார்மன் சமையல் மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே தேநீர் ஆறிக் கிடந்தது.

"நார்மன், உங்க லீக்ஸ வில்ஃப் எடுக்கல. நான் எடுத்தேன். காய் பறிச்சுக்கோன்னீங்க. அது போட்டிக்குன்னு எனக்குத் தெரியாது. ஆலயத்து சூப்புல போட்டுட்டேன்."

நார்மன் ஆறிய தேநீரை ஒதுக்கி வைத்தார்.

"மூணையுமா?"

"மூணையும்."

"நறுக்கி?"

"நறுக்கி."

"வில்ஃப் சாப்பிட்டானா?"

"ரெண்டு கிண்ணம்."

நார்மனின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. மேசையின் மேல் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தார். சுவரில் அன்று கருங்காலி என்று எழுதிய கை அவற்றில் ஒன்று என்பது பெவர்லிக்குப் பிறகுதான் உறைத்தது.

"நீ வீட்டுக்குப் போம்மா" என்றார்.

எந்த வீட்டுக்கு என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சலவைக்கூடத்தில் போர்வைகளை மடித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு. பன்னிரண்டரை. ஒன்று. மூன்று மணிக்கு அவளே வக்கீல் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். எழுத்தர் பெண் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"விக்கிறவர் இன்னிக்குக் கையெழுத்துப் போடலைன்னு சொல்லிட்டாருங்க. ஒப்பந்தம் மாத்திக்கல. படிவத்துல ஏதோ ஒரு பதில மாத்தணுமாம். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. இதுல... சில சமயம் இப்படித்தான் பின்வாங்க ஆரம்பிப்பாங்க. நீங்க மனசத் தயாரா வெச்சுக்கறது நல்லது."

பெவர்லி நன்றி சொல்லிவிட்டு மிச்சப் போர்வைகளை மடித்தாள். அன்று மாலை அவள் தன் நிறுத்தத்திலேயே இறங்கினாள். அழுகை வந்தது. ஆனால் அழுகைக்கு அடியில், நல்ல தூக்கம் தூங்கிய ஆளைப்போல நெஞ்சு லேசாக இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

சனிக்கிழமை காலை கிளப்பில் பாத்திரம் கழுவ வருவதாக மேவிஸிடம் முன்பே வாக்குக் கொடுத்திருந்தாள். போகாமல் இருக்க ஆசைதான். ஆனாலும் கிளம்பினாள். பின்சந்தில் யாரையும் பார்க்கப் பிடிக்காமல், ஒருவரும் நடக்காத முன்தெரு வழியாகப் போனாள். ஆறாம் வரிசை திரும்பியதும் நின்றுவிட்டாள்.

வில்ஃப் வீட்டு முன்கதவுக்கு நேராக நார்மன் நின்றிருந்தார். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, கையில் தொப்பி. ஜீனின் அடக்கத்துக்குப் போட்ட அதே உடை. கதவைத் தட்டினார். அந்தத் தட்டு தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"யார் செத்துட்டாங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

உள்ளேயிருந்து வில்ஃபின் குரல் வந்தது. "பின்னால வாயேன்டா! இது தொறக்காது, ஊறிப்போய்க் கிடக்கு!"

"மாட்டேன். தொற."

"ஏன்?"

"பின்கதவு வழியா வந்து மன்னிப்புக் கேக்கற விஷயம் இல்ல இது. ஊர் முன்னால சொன்னேன், ஊர் முன்னாலயே கேக்கணும்."

பிறகு கதவு ஒரு முறை குலுங்கியது. வில்ஃப் உள்ளிருந்து இழுத்தார். நார்மன் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியிலிருந்து தோளால் தள்ளினார். மூன்றாவது முட்டலில் கதவு படாரென்று திறக்க, நார்மன் கறுப்புக் கோட்டோடு வில்ஃபின் மேலேயே போய் விழுந்தார். இருவரும் நடைக்கம்பளத்தில் கிடந்தார்கள். பெவர்லி பதறி ஓடினாள்.

"எலும்பு ஏதாச்சும்..."

"இருக்கு இருக்கு, எல்லாம் இருக்கு" என்றார் நார்மன். எழுந்திருக்காமலேயே சொன்னார். "வில்ஃப். நான் தப்பாச் சொல்லிட்டேன். முந்தாநாள் சொன்னதும் தப்பு. முப்பது வருஷத்துக்கு முன்னால சுவத்துல எழுதினதும் தப்பு. அந்தக் குழந்தைக்கு ஒரு கூடை கரி கொண்டாந்து போட்டிருக்கணும் நான்."

வில்ஃப் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். கண்ணோரம் ஈரம் வழிந்து காதுக்குள் போயிற்று.

"அப்போ யார்தான் எடுத்தா உன் லீக்ஸ?"

"நீ தின்ன சூப்பு அதுதான்டா, முட்டாள்."

வில்ஃப் மெல்லத் தலையைத் திருப்பிப் பெவர்லியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் வயிறு குலுங்கத் தொடங்கியது. முதலில் அழுகிறார் என்றே நினைத்தாள். சிரிப்பு. தெருவுக்கே கேட்கும் சிரிப்பு.

"மாப்ள, கேளு" என்றார், மூச்சு திரும்பியதும். "இத்தன வருஷம் உன் லீக்ஸ நான் சும்மா வெளியிலிருந்துதான் பாத்தேன். இப்போ தின்னு பாத்துட்டேன். சொல்றேன் கேட்டுக்கோ. என்னோடத விட நல்லது. நடுவர் நூல் வெச்சு என்னத்தக் கண்டான்? நான் நாக்க வெச்சுப் பாத்தேன். நீ ஜெயிச்சுட்ட."

நார்மன் தொப்பியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். முப்பது வருடமாக அவர் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது, வேறு யார் வாயிலிருந்து வந்தாலும் செல்லாதது.

"எப்படியும் போட்டி முடிஞ்சா திங்கக்கிழமை எல்லா லீக்ஸும் கிழடுங்க சூப்புக்குத்தானே போகுது" என்றார் வில்ஃப். "இந்தப் பொண்ணு நாலு நாள் முந்திக்கிட்டா, அவ்வளவுதான்."

நார்மன் வற்புறுத்தியதால் வில்ஃப் தன் லீக்ஸைக் கழுவிப் போட்டிக்கு எடுத்துப் போனார். மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. முதல் பரிசு இரண்டாம் வரிசையிலிருந்து முதன்முறையாக வந்த ஒரு பேருந்து ஓட்டுநருக்குப் போனது. கிளப்பில் நார்மனும் வில்ஃபும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஓட்டுநரை ஒன்றாகத் திட்டினார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராக அந்தப் பெஞ்சுக்கு நகர்ந்து வந்தார்கள். கடைசியில் இடம் போதவில்லை.

பெவர்லி கிண்ணங்களைக் கழுவி முடித்துக் கையைத் துடைத்தபோது நார்மன் பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்து பயந்துட்டியா?"

"வீடு போச்சுன்னு நெனச்சேன்."

"எனக்கு உன் மேல கோவம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஒரு ராத்திரி முழுக்க இருந்துச்சு. ஆனா கையெழுத்துப் போடாதது அதுக்காக இல்ல." கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த படிவத்தின் நகலை எடுத்தார். "பக்கத்து வீட்டாரோட தகராறு இல்லைன்னு இதுல குறி போட்டிருந்தேன். ஜூன் மாசம் அது உண்மை. வியாழக்கிழமையோட பொய். பொய்யான தாள வெச்சுக்கிட்டு எப்படிக் கையெழுத்துப் போடுறது? அதோட, அந்தச் சுவத்துக்கு அந்தப்பக்கம் ஒரு மனுஷன் மனசு ஒடஞ்சு உக்காந்திருக்கற வீட்ட உனக்கு விக்கலாமா? கூரை ஒழுகுதுன்னா சரி பண்ணிட்டுத்தானே விக்கணும். இதுவும் அப்படித்தான்."

பெவர்லி படிவத்தை வாங்கிப் பார்த்தாள்.

"நீ வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் சும்மா இருந்திருக்கலாம், கண்ணு" என்றார் அவர் தணிந்த குரலில். "மேவிஸ் சொன்னா. அந்த வீட்டுக்கு இப்படி ஒரு ஆள்தான் வேணும்."

திங்கட்கிழமை பதினொன்றேகாலுக்குச் சலவைக்கூடத்துத் தொலைபேசி அடித்தது. அதே எழுத்தர் பெண். ஒப்பந்தங்களை மாற்றிக்கொண்டாயிற்று, வாழ்த்துகள் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அந்த ஆறாவது கேள்விக்கு அவர் எழுதியிருக்கற பதிலப் பாத்து எங்க வக்கீலுக்கே ஒண்ணும் புரியல. வாசிக்கட்டுமா? 'தகராறு இருந்தது. தப்பு என்னுடையது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தீர்ந்தது. பக்கத்து வீட்டு முன்கதவைச் செதுக்க வேண்டும்.' இதனால உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா?"

"ஒண்ணும் இல்ல" என்றாள் பெவர்லி. சுற்றிலும் நின்ற சலவைக்கூடத்துப் பெண்கள் கைதட்டினார்கள்.

அன்று மாலை ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கினாள். இனி ஓடிப்போகாது என்று தெரிந்தும் இறங்கினாள். பின்சந்தில் கரிச்சுவருக்கு மேல் வழுக்கைத் தலை ஒன்று தெரிந்தது.

"ஏம்மா, எருவுக்கு ஏற்பாடு பண்ணிட்டியா? நவம்பருக்குள்ள பாத்தியில போடணும்."

"எனக்கு லீக்ஸ் வளக்கத் தெரியாதே, வில்ஃப்."

"சமைக்கத் தெரியுதுல்ல? மத்தது தானா வரும். ஆனா ஒண்ணு. அடுத்த செப்டம்பர் நான் ஊர்ல இல்லாதப்போ என் வலைக்குக் கீழ கைய வெச்ச..."

"சூப்புதான்" என்றாள் பெவர்லி. துணிக்கொடிக் கொக்கி இடத்தில் இருக்கிறதா என்று பார்க்காமலேயே நடந்தாள்.